74 கட்டங்களுக்கும் ஒரே சாவியா? ஹெச்.ஆர். மென்பொருள் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளவுடில் ஓடும் ஹெச்.ஆர்., சம்பளப் பட்டியல் மென்பொருள்களைச் செய்து விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

அவிநாசிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஹெச்.ஆர். பார்க்கிறேன். 16 வருடம் ஆகிறது. வந்த புதிதில் வருகைப் பதிவெல்லாம் நோட்டில்தான். அப்புறம் எக்செல் வந்தது. அதற்கும் அப்புறம் ஆபீஸ் மூலையில் பஞ்சுத் தூசியோடு உறுமிக்கொண்டிருந்த ஒரு சர்வர். இப்போது ஆறு வருடமாக உங்களைப் போன்றவர்களின் கிளவுட் மென்பொருள். நடுவில் ஒரு தடவை ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறினோம். மாறுவதற்கு முன் ஏழெட்டுப் பேரிடம் டெமோ பார்த்தோம். அதனால் இதை ஒருவரைக் குறிவைத்து எழுதவில்லை. படிக்கும்போது யாருக்குச் சுருக்கென்று தைக்கிறதோ அவர்களுக்குத்தான்.

போன தீபாவளி போனஸ் சமயம். ஒரு தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் தப்பாக விழுந்திருந்தது. சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். பத்தே நிமிடத்தில் ஒரு தம்பி கூப்பிட்டார். நல்ல மாதிரி. ஸ்கிரீன் ஷேர் போட்டு, தன் பக்கத்தில் டேட்டாபேஸைத் திறந்து, “இந்த ரெக்கார்டுதானே மேடம்?” என்றார். அந்த ரெக்கார்டு மட்டுமா வந்தது? மில்லில் இருக்கும் 640 பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஆதார் எண், பேங்க் கணக்கு, வீட்டு விலாசம், மாதச் சம்பளம், கடைசியில் நான் என் கைப்பட ஏற்றிய குறிப்புகள். என் நாற்காலிக்குப் பின்னால் ஸ்பின்னிங் மாஸ்டர் டீ கிளாஸோடு நின்றிருந்தார். மறுநாள் ஷிஃப்ட் மாறுவதற்குள், முதலாளியின் மச்சான் மகனுக்கு என்ன சம்பளம் என்பது கோன் வைண்டிங் பிரிவு வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் லாகின் பக்கத்தைத் திறந்தபோது வழக்கம்போல அந்தப் பச்சைப் பூட்டுப் படம் சிரித்தது. “உங்கள் தகவல்கள் அனைத்தும் 256-பிட் என்க்ரிப்ஷனில் பாதுகாக்கப்படுகின்றன.” சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தகவலைக் குப்பை எழுத்தாக மாற்றி வைப்பதுதான் என்க்ரிப்ஷன். மறையாக்கம் என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது, உங்கள் டெமோக்களைக் கேட்டுக் கேட்டு எனக்கும் என்க்ரிப்ஷன் என்றே வாயில் வருகிறது.

என் தம்பி சென்னை ஓ.எம்.ஆரில் மென்பொருள் கம்பெனியில் பேக்எண்ட், அதாவது சர்வர் பக்கத்து வேலை பார்க்கிறான். அவனுக்குப் போன் போட்டு, “அப்போ இவங்க சொல்றது பொய்யா?” என்று கேட்டேன்.

“பொய் இல்லக்கா. டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணியிருக்காங்க. எவனாச்சும் டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போனா ஒண்ணும் படிக்க முடியாது. ஆனா சாஃப்ட்வேர் வழியா வந்தா, வந்தவன் யாரா இருந்தாலும் தானாத் திறந்துக்கும்.” கொஞ்சம் யோசித்துவிட்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான். “உங்க மில்லு கேட்ல பெரிய பூட்டு தொங்குது. ஆனா உள்ள வந்துட்டா பஞ்சு குடோன், ஆபீஸ் லாக்கர், லேடீஸ் ஹாஸ்டல், எதுக்கும் கதவே இல்லைன்னு வெச்சுக்க.”

மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் டேட்டா சென்டருக்குள் ஏறிக் குதித்து டிஸ்க்கைக் கழற்றும் திருடனைப் பற்றி நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. லாகினைக் கடன் கொடுப்பது, சப்போர்ட் ஆளின் லேப்டாப், எக்செலில் இறக்கி வாட்ஸ்அப்பில் போட்ட பட்டியல், வேலையை விட்டுப் போனவரின் மூடாத அக்கவுண்ட். நான் பார்த்தவரையில் தகவல் போகிற வழிகள் இவைதான். இந்த வழிகளில் எல்லாம் உங்கள் 256 பிட்டும் வருகிறவருக்கு வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிடுகிறது. பூட்டின் மீது எனக்குக் குறை இல்லை. ஏஇஎஸ் என்ற அந்த என்க்ரிப்ஷன் முறை, பெல்ஜியத்துக்காரர்கள் இருவர் வடிவமைத்து, 2001-இல் அமெரிக்கா தரமாக ஏற்றுக்கொண்டு, இன்றுவரை உலகமே நம்புகிற பூட்டு. அதன் சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள், ஒரு சாவி எத்தனை கதவைத் திறக்கிறது, இதுதான் என் கேள்வி.

அதற்கடுத்த சனிக்கிழமை மதியம் எங்கள் பணியாளர் படிவத்தை மேசையில் விரித்தேன். 74 கட்டங்கள், நீங்கள் ஃபீல்டு என்பீர்கள். அக்கவுண்டன்ட், டிஸ்பென்சரி நர்ஸ், ஹாஸ்டல் வார்டன் அக்கா, நான். சிவப்புப் பென்சில் ஒன்று, பச்சை ஒன்று. வெளியே போனால் ஆளுக்கு நிஜமாகவே கெடுதல் வருகிற கட்டத்துக்குச் சிவப்பு. நோட்டீஸ் போர்டில் ஒட்டினாலும் பரவாயில்லை என்றால் பச்சை. நடுவில் இருப்பதை வெறுமனே விட்டுவிடுவது.

அக்கவுண்டன்ட் எடுத்த எடுப்பில் பேங்க் கணக்கு எண்ணுக்குச் சிவப்பு அடித்தார். “ஏனுங்க சார், அதைத்தான் செக் லீஃபுலயே அச்சடிச்சுக் குடுக்கறாங்களே” என்று நர்ஸ் கேட்க, கொஞ்ச நேரம் வாக்குவாதம். கணக்கு எண் தனியாகப் போனால் பெரிய நஷ்டமில்லை, ஆதாரும் போன் நம்பரும் அதோடு சேர்ந்து ஒரே ஆள் கையில் கிடைத்தால்தான் வம்பு என்று முடிவானது. நர்ஸ் தன் பங்குக்குச் சிவப்பு அடித்த இடம் ‘லீவு காரணம்’. அது ஒரு விஷயமா என்று நான்கூட நினைத்தேன். “கரு கலைஞ்சதுன்னு எழுதியிருக்கோம் மேடம். டி.பி. மருந்துக்குப் போறவரு இருக்காரு. ஏ.ஆர்.டி. சென்டர்னு ஒருத்தருக்கு அப்படியே எழுதி வெச்சிருக்கோம்” என்றார். ஏ.ஆர்.டி. என்பது எச்.ஐ.வி.க்கான மருந்துச் சிகிச்சை. எச்.ஐ.வி. விவரங்களை வைத்திருக்கும் நிறுவனங்கள் அவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று 2017-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. எங்கள் மென்பொருளில் அது ‘மாமன் வீட்டுச் சீர்’, ‘கோயில் விசேஷம்’ ஆகியவற்றுக்கு நடுவே ஒரு சாதாரண எழுத்துக் கட்டத்தில் கிடந்தது. பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவின் குறிப்புகளும் அதே பக்கத்தில்தான். புகார் கொடுத்தவர் யார் என்பதே வெளியே தெரியக் கூடாது என்கிறது 2013-ஆம் வருடச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு.

‘சமூகப் பிரிவு’ என்று ஒரு கட்டம். பிசி, எம்பிசி, எஸ்சி. இது நமக்கு எதற்கு என்று நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருக்கும் தெரியவில்லை. உங்கள் படிவத்தில் இருந்தது, நாங்கள் நிரப்பினோம், அவ்வளவுதான். அதற்கு எந்தப் பென்சிலும் எடுக்கவில்லை; கட்டத்தையே அடித்துவிட்டோம். தேவையில்லாத தகவலுக்கு அதைவிட நல்ல என்க்ரிப்ஷன் கிடையாது.

வார்டன் அக்கா அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் சிவப்புப் பென்சிலை வாங்கி இரண்டு கட்டங்களைச் சுற்றி வட்டம் போட்டார். தற்போதைய விலாசம், நாமினி பெயர். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நால்வருக்கும் ஒரே பெண்தான் ஞாபகத்துக்கு வந்தாள்.

தென் மாவட்டத்திலிருந்து வந்து எங்கள் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள். வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு, பக்கத்து ஊரில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிபோனாள். பி.எஃப். நாமினியில் அப்பா பெயரை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் பெயரைப் போடச் சொன்னாள். நான்தான் மாற்றிக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் கேட்டில் இரண்டு பேர். சித்தப்பா முறை என்றார்கள். வாட்ச்மேன் எதுவும் சொல்ல மாட்டேன் என்றதும், “நீ சொல்லலைன்னா எங்களுக்குத் தெரியாதா?” என்று அவளுடைய தெருப் பெயரையே சொன்னார்கள். அன்று ராத்திரியே வார்டன் அக்கா அவளையும் அவள் வீட்டுக்காரரையும் வேறு இடத்துக்கு மாற்றினார். இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். ஒரு குழந்தையும் இருக்கிறது. விலாசம் எப்படிப் போனது? டைம் ஆபீசில் இருந்த ஒருவர் அவள் பக்கத்தைத் திறந்து பார்த்து, யாரோ கேட்டார்கள் என்று போனில் சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது மென்பொருளில் எங்கும் பதிவாகவில்லை. அவரே பயந்துபோய் வந்து ஒத்துக்கொண்டதால்தான் தெரிந்தது. ஷிஃப்ட் போடுகிறவருக்குப் பெயரும் டோக்கன் நம்பரும் போதும். முழுப் பக்கமும் தெரிகிற லாகினை அவருக்குக் கொடுத்தது நான். அந்தத் தவறு என்னுடையது.

“மேடம், இது பர்மிஷன் விஷயம். என்க்ரிப்ஷனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை” என்று உங்களில் ஒருவர், இதைக் கேட்டுவிட்டு, பொறுமையாகவே சொன்னார். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்த மடல்.

பர்மிஷன் போடுவது என்னைப் போன்ற ஆள். மாதக் கடைசியில், ஒரு காதில் போனோடு, ‘எல்லாம் தெரியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று டிக் போடுகிற ஆள். அது தவறத்தான் செய்யும். தவறும்போது இரண்டாவதாக ஒரு கதவு வேண்டும். விலாசத்துக்குத் தனிச் சாவி இருந்து, வருகைப் பதிவு மாட்யூலுக்கு அந்தச் சாவியே கொடுக்கப்படாமல் இருந்திருந்தால், நான் என்னதான் தப்பாக டிக் போட்டிருந்தாலும் டைம் ஆபீஸ் திரையில் வெறும் நட்சத்திரக் குறிகள்தான் தெரிந்திருக்கும். உங்கள் சப்போர்ட் தம்பி டேபிளைத் திறந்தபோதும் குப்பை எழுத்துகள்தான் வந்திருக்கும், இ.எஸ்.ஐ. கட்டத்தை மட்டும் திருத்திவிட்டுப் போயிருப்பார். அதோடு, சாவியைக் கொடுக்கும் சேவை தனியாக இருந்தால், யார், எத்தனை மணிக்கு, யாருடைய கட்டத்தைத் திறந்தார்கள் என்று ஒவ்வொரு தடவையும் எழுதி வைக்கும். டிஸ்க் என்க்ரிப்ஷனில் அந்தக் கணக்குக்கே வழி இல்லை.

2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கிளவுடில் ஒரு ஃபயர்வால், அதாவது வெளியாரைத் தடுக்கும் காவல் மென்பொருள், சரியாக அமைக்கப்படவில்லை. வெளியாள் ஒருவர் அதற்கு இருந்த அனுமதியையே பிடித்துக்கொண்டு உள்ளே போய், அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர் விவரங்களை அள்ளினார். அத்தனையும் என்க்ரிப்ட் செய்யப்பட்ட டேட்டாதான். அந்த அனுமதியோடு வந்ததால் அதுவும் திறந்துகொண்டது. வங்கியே இதைச் சொன்னது. ஆனால் சமூகப் பாதுகாப்பு எண், கணக்கு எண் மாதிரியான சில கட்டங்களை மட்டும் அவர்கள் டோக்கனாக, அதாவது நிஜ எண்ணுக்குப் பதில் ஒரு மாற்று எண்ணாக மாற்றி, அதற்கு வேறு முறை, வேறு சாவி வைத்திருந்தார்கள். அப்படி வைத்தவை தப்பின. எல்லாம் தப்பவில்லை: சுமார் 1,40,000 அமெரிக்கர்களின் சமூகப் பாதுகாப்பு எண்களும் 80,000 வங்கிக் கணக்கு எண்களும் கனடாவில் சுமார் 10 லட்சம் சமூகக் காப்பீட்டு எண்களும் போயின. இருந்தாலும், அதே வாசல், அதே திருடன். ஒரு கட்டம் திறந்தது, பக்கத்துக் கட்டம் திறக்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்.

டோக்கன் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். மில்லில் ஆளுக்கு ஒரு டோக்கன் நம்பர். 318 என்றால் மெஷின் ஹாலில் எல்லாருக்கும் தெரியும். வெளியே பஸ் ஸ்டாண்டில் அந்த நம்பரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நம்பரையும் ஆளையும் சேர்க்கிற பதிவேடு என் ஆபீசில் மட்டும். உங்கள் மென்பொருளுக்குள்ளும் அப்படி ஒரு பதிவேடு, அதற்கு ஒரு தனி அறை.

சட்டம் சொல்லட்டும், செய்கிறோம் என்று சிலர் காத்திருக்கிறீர்கள். சட்டம் சொல்லப்போவதில்லை. 2011-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், கூடுதல் கவனம் வேண்டிய தகவல்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. பாஸ்வேர்டு, பேங்க், கார்டு விவரங்கள், உடல்நலம், மனநலம், பாலியல் நாட்டம், மருத்துவப் பதிவுகள், பயோமெட்ரிக். சாதி அதில் இல்லை. விலாசமும் இல்லை. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அரசு அமைத்த ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் கொடுத்த வரைவில் சாதி, பழங்குடி அடையாளம், மத நம்பிக்கை, அரசியல் நம்பிக்கை எல்லாம் சேர்ந்தன. 2019 மசோதாவிலும் இருந்தன. அந்த மசோதாவை வாபஸ் வாங்கிவிட்டு 2023-இல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தத் தரம்பிரிப்பே கிடையாது. லீவு காரணமும் சட்டை சைஸும் ஒரே தட்டில். 2025 நவம்பரில் வந்த விதிகள் என்க்ரிப்ஷன், மறைத்துக் காட்டுவது, டோக்கன் என்று வழிகளைச் சொல்கின்றன. எந்தத் தகவலுக்கு எது என்பதை நம் தலையில் விட்டுவிட்டன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். அது விழுவது தகவலுக்குப் பொறுப்பான எங்கள் மில் மீது. எங்களுக்காக அதைக் கையாளும் உங்கள் மீது நேரடியாக இல்லை. நீங்கள் ஏன் அவசரப்படவில்லை என்பது இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவில், வேலை தொடர்பான தேவைகளுக்குத் தொழிலாளியின் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்றும் இருக்கிறது. அந்தப் பெண் தன் புது விலாசத்தைக் கொடுத்தது, கொடுக்காவிட்டால் ஃபாரம் நகராது என்பதால்.

தனித்தனியாக என்க்ரிப்ட் செய்தால் வேகம் குறையும், தேட முடியாது. இந்தப் பதிலை எல்லா டெமோவிலும் கேட்டுவிட்டேன். வேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். 640 பேர் சம்பளத்தைத் திறந்து கூட்டிப் பூட்டுவதற்கு ஆகிற நேரத்தில் எங்கள் பிரிண்டர் ஒரு தாளைக்கூட இழுக்காது. வரிக்கு வரி சாவிச் சேவையைப் போய்க் கூப்பிட்டால்தான் திணறும். சாவியை ஒரு தடவை வாங்கி, வேலை முடியும்வரை நினைவகத்தில் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. தேடுவது அப்படி இல்லை. அது நிஜமான சிக்கல். அதில்தான் குறுக்குவழி எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே மதிப்புக்கு எப்போதும் ஒரே சங்கேதம் வருகிற மாதிரி செய்தால் தேடுவது சுலபம். ஆதார் மாதிரி ஆளுக்கு ஒன்றாக இருக்கும் எண்ணுக்கு அதனால் பெரிய பாதகமில்லை. சம்பள கிரேடுக்கு அதையே செய்தால்? எங்களிடம் கிரேடு ஐந்துதான். ஐந்து விதக் குப்பை எழுத்துகள் வரும். ஒன்று 410 பேருக்கு, இன்னொன்று மூன்றே பேருக்கு. அந்த மூன்று பேர் எந்த கிரேடு என்று எங்கள் கேன்டீன்காரர் சொல்லிவிடுவார், சாவி எதற்கு? 2013-இல் அடோபியிலிருந்து திருடுபோன பட்டியலில் இதுதான் நடந்தது. பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே சாவியில், ஒரே பாஸ்வேர்டுக்கு ஒரே சங்கேதம் வரும் முறையில் என்க்ரிப்ட் செய்திருந்தார்கள். பக்கத்திலேயே, மறந்துபோனால் ஞாபகப்படுத்தும் குறிப்பு, வெறும் எழுத்தில். ஒரே சங்கேதம் உள்ளவர்களின் குறிப்புகளைச் சேர்த்துப் படித்து, குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி ஆளாளுக்கு விடை கண்டுபிடித்தார்கள்.

இன்னொருவர், “ஆதாரை ஹாஷ் பண்ணிட்டோம் மேடம், கடவுளே வந்தாலும் திருப்ப முடியாது” என்றார். ஹாஷ் என்பது ஒரு எண்ணைத் திருப்ப முடியாத சங்கேதமாக மாற்றுவது. கடவுள் வர வேண்டாம். ஆதார் 12 இலக்கம். முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ இருக்காது. கடைசி இலக்கம் மற்றவற்றை வைத்துக் கணக்கிடுவது. மிச்சம் 8,000 கோடி வாய்ப்புகள். எனக்கும் உங்களுக்கும் அது பெரிய எண். ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டுக்குச் சில நிமிட வேலை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடும். ரகசியச் சாவி கலந்த ஹாஷாக இருக்க வேண்டும், அந்தச் சாவி டேட்டாபேஸ் பக்கத்தில் படுத்திருக்கக் கூடாது. ஆதார் எண்ணைத் தனிப் பெட்டகத்தில் என்க்ரிப்ட் செய்து வைத்துவிட்டு, மற்ற இடங்களில் எல்லாம் ஒரு குறிப்பு எண்ணை மட்டுமே புழங்க வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

சம்பளத்தில் 21,000 ரூபாய்க்குக் கீழ் யார் என்று தேட வேண்டியிருக்கிறது, இ.எஸ்.ஐ. வரம்புக்காக. அதற்கென்று, பெரியது சிறியது வரிசை மாறாத முறையில் என்க்ரிப்ட் செய்கிறோம் என்றார் வேறொருவர். வரிசை தெரிந்தால் பாதி சம்பளம் தெரிந்த மாதிரி. இ.எஸ்.ஐ. உண்டா இல்லையா என்று ஒரு தனிக் கட்டம் வைத்துவிட்டால் சம்பளத்தைத் தொடவே வேண்டாம். இது எங்கள் அக்கவுண்டன்ட் சொன்ன யோசனை. அவர் படித்தது பி.காம்.

அப்புறம் கொல்லைப்புறக் கதவுகள். ஒரு மென்பொருளில் ஆதார் எண்ணை அழகாக மறைத்து, கடைசி நான்கு இலக்கம் மட்டும் காட்டினார்கள். எனக்கே கை தட்டத் தோன்றியது. பக்கத்தில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்று ஒரு டேப். அமுக்கினால் ஆதார் அட்டையின் கலர் போட்டோ, இரண்டு பக்கமும். அதன் லிங்க்கை காப்பி செய்து, லாகின் இல்லாத என் போனில் போட்டேன். திறந்தது. எண்ணுக்குப் பூட்டு, அதன் போட்டோவுக்குத் திண்ணை. பேஸ்லிப் பி.டி.எஃப்.க்குப் பாஸ்வேர்டு கொடுக்கிறீர்கள், பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த நாளும். எங்கள் நோட்டீஸ் போர்டில் மாதா மாதம் பிறந்தநாள் பட்டியல் ஒட்டுகிறோம், கேக் வெட்டுகிறோம். உங்கள் டெவலப்பர்கள் சோதித்துப் பார்க்கிற டெஸ்ட் சர்வரில் எங்கள் ஆட்களின் நிஜப் பெயர்களே இருந்ததை ஒரு ட்ரெயினிங்கில் பார்த்தேன். கேட்டதற்கு, “அது டெஸ்ட்தான் மேடம்” என்று பதில். டெஸ்ட்டுக்கு எங்கள் 640 பேர்தானா கிடைத்தார்கள்?

தரம் பிரித்துத் தனிச் சாவி வைப்பதில் நான் எதிர்பார்க்காத ஒரு லாபத்தைத் தம்பி சொன்னான். எங்களிடம் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள் நிறைய. நாலு மாதம், ஆறு மாதம் வேலை பார்ப்பார்கள், ஊர்த் திருவிழாவுக்குப் போவார்கள், திரும்ப வர மாட்டார்கள். அவர்கள் முகமும் கைரேகையும் மட்டும் உங்கள் சர்வரில் நிரந்தர ஊழியர்களாக இருக்கின்றன. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம். விரலை மாற்ற முடியாது. “அழிச்சுட்டோம்” என்று நீங்கள் சொன்னாலும் பழைய பேக்கப்களில் அது இருக்கும், ஒவ்வொன்றாகத் தேடி அழிப்பது நடக்கிற காரியமில்லை. ஆளுக்கு ஒரு பயோமெட்ரிக் சாவி தனியாக இருந்தால், அந்தச் சாவியை மட்டும் அழித்தால் போதும். எத்தனை பேக்கப் இருந்தாலும் அந்தக் கைரேகை செத்ததுதான். பி.எஃப். கணக்குக்காக வைத்திருக்க வேண்டிய விவரம் இன்னொரு சாவியில் பத்திரமாக இருக்கும். எல்லாம் ஒரே சாவியில் இருந்தால் இதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் அதை அழித்தால் மில்லே அழிந்துவிடும்.

இதெல்லாம் உங்களிடம் இல்லாமலும் இல்லை. விலைப்பட்டியலின் கடைசிப் பத்தியில், ‘எண்டர்பிரைஸ்’ என்ற தலைப்பின் கீழ், ‘விலைக்கு எங்களை அணுகவும்’ என்று இருக்கிறது. அணுகினேன். 2,000 பேருக்குக் கீழே உள்ள கம்பெனிக்குத் தருவதில்லையாம். அமேசானின் சாவிச் சேவையில் ஒரு சாவிக்கு மாதம் ஒரு டாலர், 10,000 தடவை கூப்பிட மூன்று சென்ட் என்று தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான். கட்டங்களை நான்கு தரமாகப் பிரித்தால் எங்கள் மில்லுக்கு நான்கு முதன்மைச் சாவிகள், மாதம் நான்கு டாலர். ஆளுக்கு ஒன்றான சின்னச் சாவிகளை அந்த நான்கின் கீழ் பூட்டி வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. வேலைக்கு ஆகிற செலவை நான் குறைத்து மதிப்பிடவில்லை, பழைய மென்பொருளை உடைத்துக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று தம்பி முகத்தைப் பார்த்தே தெரியும். ஆனால் 2,000 பேர் இருக்கிற இடத்து விலாசம் மட்டும்தான் விலாசமா?

சாவியை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளட்டும் என்று சிலர் விற்கிறீர்கள். பெரிய வங்கிகளுக்குச் சரி. எங்களை மாதிரி இடத்துக்கு வேண்டாம். சாவியைத் தொலைத்தால் ஒரு மாதச் சம்பளம் போட முடியாது. எங்கள் ஆபீசில் கல்குலேட்டரே மாதம் ஒன்று தொலைகிறது. நீங்களே வைத்திருங்கள், தனித்தனியாக வையுங்கள், யார் எடுத்தார்கள் என்று எங்களுக்குக் காட்டுங்கள்.

அடுத்த டெமோவுக்கு வரும்போது பூட்டுப் படம் வேண்டாம். 74 கட்டங்களையும் ஒரு தாளில் அச்சடித்து, எந்தக் கட்டம் எந்தச் சாவியில், உங்கள் சப்போர்ட் ஆளுக்கு எது தெரியும், ஆள் வேலையை விட்டால் எது எப்போது சாகும் என்று பக்கத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். எது சிவப்பு, எது பச்சை என்பதை உங்கள் சென்னை ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். எங்கள் நர்ஸையும் வார்டன் அக்காவையும் உட்காரவைத்துக் கேளுங்கள். சனிக்கிழமை மதியம் என்றால் எல்லாரும் இருப்போம்.

அந்தப் பெண் இன்னும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறாள். உங்கள் மென்பொருளில் அவள் விலாசம் என்று இருப்பது மில்லின் விலாசம், பி.எஃப். கடிதம் வந்தால் நான் கையில் கொடுத்துவிடுகிறேன். நிஜ விலாசம் ஒரு துண்டுச் சீட்டில், என் பீரோவின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. அந்த பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், ஒன்று வார்டன் அக்காவிடம்.

இப்படிக்கு,
ஒரு மில் ஹெச்.ஆர்.
அவிநாசி